ஆபீஸ், வீட்டு வேலைக்கு மலிவான கிராபிக்ஸ் கார்டு: கடலூரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். "அண்ணே, கம்மி விலையில சின்னதா ஒரு கிராபிக்ஸ் கார்டு போடணும், எது நல்லாருக்கும்?" என்ற கேள்வி வராமல் ஒரு வாரம் கழிவதில்லை. கேட்பவர்கள் டேலி போடும் கணக்கர், பிள்ளையின் படிப்புக்காகப் பழைய சிஸ்டம் வாங்கிய அப்பா, கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்யும் டிடிபி கடைக்காரர் போன்றவர்கள். மானிட்டருக்குப் படத்தைத் தயாரித்து அனுப்பும் தனி அட்டைதான் இந்தக் கார்டு. விற்றால் எனக்கு லாபம்தான். இருந்தாலும் பெரும்பாலானவர்களை வாங்க விடாமல்தான் திருப்பி அனுப்புகிறேன். அதற்கான காரணத்தையும், நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

சிஸ்டம் ரொம்ப மெதுவாக இருக்கிறது. கார்டு போட்டால் வேகமாகுமா?

ஆகாது. போன மாதம் பண்ருட்டியிலிருந்து ஓர் ஆசிரியை சிபியு பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். 2 ஜிபி கார்டு போட்டால் சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆன் செய்து, எந்தப் பாகம் எத்தனை சதவீதம் உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, இறங்கவே இல்லை. சிபியு (பெட்டிக்குள் இருக்கும் பிராசசர் சிப்) 12, மெமரி 88. பிரவுசரைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க் கறகறவென்று தேய்கிற சத்தம் மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. அந்தச் சிஸ்டத்தில் கிராபிக்ஸ் வேலையே எதுவும் நடக்கவில்லை. ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டு, 4 ஜிபி ரேமோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்தேன். அவ்வளவுதான் வேலை. இரண்டு நிமிடத்துக்கு மேல் பூட் ஆகிக்கொண்டிருந்தது அரை நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

வேர்டு, எக்செல், டேலி, மின்னஞ்சல், பான் கார்டு விண்ணப்பம், பட்டா பார்ப்பது போன்ற வேலைகளைச் செய்வது சிபியுவும் ரேமும் டிஸ்க்கும்தான். கார்டுக்கு இதில் வேலை இல்லை. நீங்களே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிஸ்டம் திணறும் நேரத்தில் எந்த எண் 100-ஐத் தொடுகிறது என்று பாருங்கள். அந்தப் பாகத்துக்குத்தான் பணம் போக வேண்டும்.

ரேம் சேர்ப்பதில் இன்னொரு லாபம் இருக்கிறது. கார்டு இல்லாமலே படம் தரும், சிபியுவுக்குள் இருக்கும் ஆன்போர்டு கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, சிஸ்டம் ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். ஒரே குச்சி ரேமுக்குப் பதில் ஒரே மாதிரி இரண்டு குச்சி போட்டால் தகவல் இரண்டு வழியில் ஓடும், ஆன்போர்டு கிராபிக்ஸும் கூடவே வேகம் பிடிக்கும். ஏஎம்டியின் ரைசன் 3 3200ஜி, ரைசன் 5 5600ஜி சிபியு வைத்திருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் கார்டு யாருக்குத்தான் தேவை?

சிபியுவில் கிராபிக்ஸே இல்லாதவர்களுக்கு. மதர்போர்டில் இருக்கும், மானிட்டர் வயர் சொருகும் போர்ட் இடியிலோ மின்னழுத்த ஏற்றத்திலோ செத்துப்போனவர்களுக்கு. போர்டில் இருப்பதைவிடக் கூடுதலாக மானிட்டர் இணைக்க வேண்டியவர்களுக்கு. 4கே டிவியையோ மானிட்டரையோ வாங்கிவிட்டு, படம் 30 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 30 தடவை) இழுத்து இழுத்து நகர்வதைப் பார்த்து நொந்துபோனவர்களுக்கு. எச்டிஎம்ஐ 1.4 போர்ட் 4கே-யை 30 ஹெர்ட்ஸ் வரைதான் தரும், 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 இருக்க வேண்டும்.

இரண்டு மானிட்டர் மட்டும்தான் போதும் என்றால் முதலில் சிபியு பெட்டியின் பின்பக்கம் பாருங்கள். விஜிஏ ஒன்று, எச்டிஎம்ஐ ஒன்று இருந்தால் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே நேரத்தில் படம் வரும். கார்டு செலவே மிச்சம்.

என் சிபியுவில் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இன்டெல் சிபியுவின் பெயர் 'எஃப்' என்ற எழுத்தில் முடிந்தால் கிராபிக்ஸ் இல்லை. ஐ3 10100எஃப், ஐ5 12400எஃப் எல்லாம் அப்படித்தான். ஏஎம்டி ரைசனில் 5000 வரிசை வரை தலைகீழ்: கடைசியில் 'ஜி' இருந்தால்தான் கிராபிக்ஸ் உண்டு. 2022-இல் வந்த 7000 வரிசையிலிருந்து சாதாரண ரைசன்களிலும் ஆபீஸ் வேலைக்குப் போதுமான சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது, 'எஃப்' போட்டதில் மட்டும் இல்லை.

எஃப் சிபியு கொஞ்சம் மலிவு என்று வாங்கிவிட்டு, அப்புறம் படம் வருவதற்காகவே ஒரு கார்டு வாங்குகிறார்கள். மிச்சம் பிடித்த பணத்தைவிடக் கார்டுக்குப் போவது அதிகம். புதிதாக அசெம்பிள் செய்கிறவர்கள் கொட்டேஷனில் அந்த ஒற்றை எழுத்தைக் கவனியுங்கள்.

ஜிடி 710, ஜிடி 730, ஜிடி 1030: மூன்றில் எது?

மூன்றையும் ஒரே அலமாரியில் வைத்து விற்கிறார்கள். ஆனால் மூன்றும் வேறு வேறு காலத்துச் சரக்கு.

ஜிடி 710 கடைக்கு வந்தது 2016-இல், உள்ளே இருக்கும் கெப்ளர் வடிவமைப்போ 2012-இல் பிறந்தது. கணக்குப் போடும் சிறு அலகான கோர் 192, மின்சாரம் 19 வாட். படம் வர வேண்டும் என்ற ஒரே தேவைக்கு இது போதும். கெப்ளருக்கான வழக்கமான டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) வெளியீட்டை, இந்தச் சிப்பை வடிவமைக்கும் என்விடியா 2021-இலேயே நிறுத்திவிட்டது. இன்றைக்குப் புத்தம் புதுப் பெட்டியில் வாங்கினாலும் பழைய டிரைவரோடுதான் ஓட்ட வேண்டும்.

ஜிடி 730 வாங்குவதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 2014-இல் வந்தபோதே ஒரே பெயரில் மூன்று கார்டுகள் வந்தன. ஒன்றில் கெப்ளரைவிடப் பழைய ஃபெர்மி சிப், 96 கோர்தான், 49 வாட் இழுக்கும். இன்னொன்றில் கெப்ளர் சிப், 384 கோர், மெதுவான டிடிஆர்3 மெமரி. மூன்றாவதில் அதே 384 கோர், வேகமான ஜிடிடிஆர்5 மெமரி. முதலாவதும் மூன்றாவதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை, பெட்டியின் முன்பக்கத்தில் பெயரோ ஒன்றுதான். பெட்டியைத் திருப்பி மெமரி வகையைப் படியுங்கள், ஜிடிடிஆர்5 என்று இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுங்கள்.

ஜிடி 1030 வந்தது 2017-இல். 384 கோர், 30 வாட், எச்டிஎம்ஐ 2.0 உண்டு. வாங்குவதென்றால் மூன்றில் இதைத்தான் சொல்வேன். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 2018-இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரி போட்ட கார்டு ஒன்றை இறக்கினார்கள். ஜிடிடிஆர்5 கார்டில் மெமரி நொடிக்கு 48 ஜிபி கடத்தும், டிடிஆர்4-இல் 17 ஜிபிகூட முழுசாக இல்லை. விலை வித்தியாசம் சொற்பம், மெமரி வேகமோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். சும்மா படம் வந்தால் போதும் என்பவருக்கு இது தெரியவே தெரியாது. எப்போதாவது ஒரு கேமோ வீடியோ எடிட்டிங்கோ தொட்டால் உடனே தெரியும்.

கடைக்காரர் 4 ஜிபி கார்டு காட்டுகிறார். 2 ஜிபியைவிட அதுதானே நல்லது?

தொட்டி பெரிது, ஆனால் குழாய் மெல்லிசு. இந்த வகைக் கார்டுகளில் சிப்புக்கும் மெமரிக்கும் நடுவில் உள்ள பாதை பெரும்பாலும் 64 பிட் அகலம்தான். அந்தக் குழாயில் டிடிஆர்3 வேகத்தில் தண்ணீர் வந்தால் 4 ஜிபி தொட்டி நிரம்புவதற்குள் சிப்பு களைத்துவிடும். அந்த 4 ஜிபியைப் பயன்படுத்தும் அளவுக்கு ஜிடி 730-க்குத் தெம்பு கிடையாது. ஜிடிடிஆர்5 போட்ட 2 ஜிபி கார்டு, டிடிஆர்3 போட்ட 4 ஜிபி கார்டை எந்த வேலையிலும் முந்தும். பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கும் '4 ஜிபி'யைக் காட்டி மாத வருமானத்தில் மிச்சம் பிடித்தவர்களிடம் கூடுதல் பணம் வாங்குகிறார்கள். எனக்கு உண்மையில் வயிறு எரிவது இதைப் பார்த்துத்தான்.

யூடியூப் திக்கித் திக்கி ஓடுகிறது. அதற்காவது கார்டு உதவுமா?

எந்தக் கார்டு என்பதைப் பொறுத்தது. யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் வீடியோவைச் சுருக்கி அனுப்புகிறது. அதை விரித்துக் காட்டும் தனிச் சுற்று கிராபிக்ஸில் இருந்தால் சிபியு நிம்மதியாக இருக்கும். இல்லாவிட்டால் முழுப் பாரமும் சிபியு தலையில்.

ஜிடி 710-இலும் ஜிடி 730-இலும் இந்த இரண்டுக்குமே சுற்று கிடையாது. ஜிடி 1030-இல் விபி9-க்கு உண்டு, ஏவி1-க்கு இல்லை. இன்டெல் ஏழாம் தலைமுறை சிபியுவின் ஆன்போர்டு கிராபிக்ஸிலேயே விபி9 இருக்கிறது. பதினொன்றாம் தலைமுறை கிராபிக்ஸில் ஏவி1-ம் சேர்ந்துவிட்டது. ஆக, ஏழாம் தலைமுறை ஐ3 வைத்திருப்பவர் ஜிடி 710 வாங்கிப் போட்டால், காசு கொடுத்துத் தன் யூடியூபைக் கெடுத்துக்கொள்கிறார். இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் சிபியு எகிறுவதைக் காட்டிய பிறகுதான் நம்புகிறார்கள்.

பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. யூடியூபை எச்.264 முறையில் மட்டும் அனுப்பச் சொல்லும் இலவச நீட்சிகள் பிரவுசருக்குக் கிடைக்கின்றன. எச்.264 சுற்று பழைய ஆன்போர்டிலும் இருக்கிறது. 1080பி வரை தடங்கல் இல்லாமல் பார்க்கலாம்.

என் மானிட்டரில் விஜிஏ மட்டும்தான் இருக்கிறது. புதுக் கார்டு சேருமா?

ஜிடி 710-இல் பொதுவாக விஜிஏ போர்ட் இருக்கும். ஜிடி 1030-லிருந்து, விஜிஏ-வுக்குத் தேவையான அனலாக் சிக்னலே கிடையாது. எச்டிஎம்ஐ-யை விஜிஏ ஆக்கும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும், உள்ளே சிப் வைத்த வகையாகக் கேளுங்கள். பின்னை மட்டும் மாற்றித் தரும் டிவிஐ சொருகி இதற்கு வேலைக்காகாது.

ஒல்லியான பிராண்டட் சிபியு பெட்டி. கார்டு உள்ளே போகுமா?

ஆபீஸ்களில் கழித்துவிட்ட டெல், எச்பி ஸ்லிம் பெட்டிகள்தான் இங்கே செகண்ட் ஹேண்டில் அதிகம் ஓடுகின்றன. அவற்றுக்கு உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டு வேண்டும். கார்டு குட்டையாக இருந்தால் மட்டும் போதாது, பின்பக்கத் தகடும் குட்டையாக இருக்க வேண்டும். அந்தக் குட்டைத் தகடு பெட்டிக்குள் தனியாக ஒரு கவரில் கிடக்கும். கடையிலேயே பிரித்து, இருக்கிறதா என்று பாருங்கள். தகடு இல்லாமல் வீட்டுக்குப் போய், கார்டை அந்தரத்தில் சொருகி நூல் போட்டுக் கட்டியிருந்த சிஸ்டத்தை நானே பார்த்திருக்கிறேன்.

எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்கு மின்சாரம் தரும் பாகம்) மாற்ற வேண்டுமா?

மதர்போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட் வழியாகவே 75 வாட் வரை மின்சாரம் கிடைக்கும். ஜிடி 1030-க்கு 30 வாட், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 550-க்கு 50 வாட், ஆர்எக்ஸ் 6400-க்கு 53 வாட். எதற்கும் தனி வயர் தேவைப்படாது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650-இல் சில மாடல்களுக்கு மட்டும் ஆறு பின் வயர் கேட்கும். எஸ்எம்பிஎஸ் பழசாகி விசிறி சத்தம் போட ஆரம்பித்திருந்தால், கார்டு வாங்குகிறீர்களோ இல்லையோ, அதை மாற்றிவிடுங்கள். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒட்டியிருக்கும் வாட் கணக்கை நான் நம்புவதில்லை.

போர்டு பழைய இன்டெல் எச்61. எந்தக் கார்டும் ஓடுமா?

ஸ்லாட்டில் உட்காரும், படம் வரும் என்று உறுதி சொல்ல முடியாது. போர்டைத் துவக்கும் மென்பொருளான பயாஸ் பழசாக இருக்கும் சில எச்61 போர்டுகள் பிற்காலக் கார்டுகளை அடையாளம் காணாமல் கருப்புத் திரையிலேயே நிற்கும். பயாஸ் அப்டேட் செய்தால் சிலதில் சரியாகும். கடைக்குச் சிபியு பெட்டியையே எடுத்துப் போய், போட்டு ஓடவிட்டுப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

இன்டெல் ஆர்க் ஏ310, ஏ380 கார்டுகள் வீடியோவுக்கு அருமையானவை, ஏவி1-ஐ விரிக்கவும் சுருக்கவும் செய்யும். ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரே நேரத்தில் அணுகவிடும் ரீசைசபிள் பார் என்ற வசதி போர்டில் இருக்க வேண்டும், இன்டெல் பக்கம் பத்தாம் தலைமுறைக்குக் கீழே அதை எதிர்பார்க்காதீர்கள். ஆர்எக்ஸ் 6400-க்கும் பழைய போர்டு ஒத்துவராது. ஸ்லாட்டின் நான்கு பாதையை மட்டுமே அது பயன்படுத்துவதால் மூன்றாம் தலைமுறை பிசிஐஇ வகை ஸ்லாட்டில் வேகம் குறையும். ஏவி1-ம் அதில் கிடையாது.

விண்டோஸ் 11 போடுவதற்குக் கார்டு வேண்டும் என்கிறார்களே?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததிலிருந்து இந்தக் கேள்வி அதிகம். விண்டோஸ் 11-ஐத் தடுப்பது பெரும்பாலும் சிபியுவின் வயதும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாததும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் வேண்டும். மூன்றாம் தலைமுறை சிபியுவில் எந்தக் கார்டைச் சொருகினாலும் அந்தத் தடை நீங்காது. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, எட்டாம் தலைமுறை ஐ5 செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் ஒன்றைப் பாருங்கள்.

போட்டோஷாப், கோரல்டிரா வேலைக்கு?

பத்திரிகை, விசிட்டிங் கார்டு, சின்ன பேனர் வரைக்கும் ஆன்போர்டும் 16 ஜிபி ரேமும் தாராளம். போட்டோஷாப்பில் பெரிய கோப்புகளோடு தினமும் மாரடிக்கிற ஃபிளெக்ஸ் கடை என்றால் ஜிடி வரிசையைத் தொடாமல் ஜிடிஎக்ஸ் 1650-க்குப் போங்கள், இல்லாவிட்டால் 2024-இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050-க்கு. பின்னது 70 வாட்தான், பெரும்பாலான மாடல்களுக்குத் தனி வயரும் வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், கையில் எடுத்துப் பார்த்து, ஓடவிட்டு. குறிஞ்சிப்பாடித் தம்பி ஒருவர், கல்லூரி மாணவர், போன் விளம்பரத்தைப் பார்த்து ஒரு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வாங்கிவந்தார். ஸ்டிக்கர் அப்படித்தான் சொன்னது, விண்டோஸிலும் அந்தப் பெயர்தான் வந்தது. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். நீல நிற விஜிஏ போர்ட். ஜிடி 1030-இன் தலைமுறைதான் 1050 டிஐ-யும். அந்தத் தலைமுறைச் சிப்பில் அனலாக் சிக்னலே கிடையாது என்று மேலே சொன்னேன் இல்லையா? ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டதும், போலி என்று பெயருக்கு முன்னாலேயே காட்டிவிட்டது. உள்ளே இருந்தது 2011 காலத்து ஜிடிஎக்ஸ் 550 டிஐ, கார்டின் பயாஸை மாற்றி எழுதிப் புதுப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். விற்றவர் அதன் பிறகு போன் எடுக்கவில்லை. பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணம். அந்தத் தம்பி எதிரில் என்ன பேசுவதென்று எனக்குத் தெரியவில்லை.

அதனால், பணம் கொடுக்கும் முன் ஜிபியு-இசட் ஓட்டுங்கள். பத்து நிமிடம் ஒரு வீடியோவை முழுத் திரையில் ஓடவிட்டு, கோடு விழுகிறதா, விசிறி சுற்றுகிறதா என்று பாருங்கள். மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கடற்கரைப் பக்கம் வீடு. கார்டு சீக்கிரம் கெடுமா?

கெடும். தேவனாம்பட்டினம், முதுநகர், புதுச்சேரியில் வைத்திக்குப்பம் பக்கமிருந்து வரும் கேபினெட்டுகளைத் திறக்கும்போதே தெரிந்துவிடும். ஸ்லாட் திருகாணி துருவேறித் தலை உதிரும். அலுமினிய ஹீட்சிங்க் மேல் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். செம்பு தெரியும் இடமெல்லாம் பச்சை. உப்புக்காற்று முதலில் பிடிப்பது விசிறியின் பேரிங்கை. விசிறி நின்றால் சூடேறிக் கார்டு போகும்.

அதனால் இந்தப் பக்கத்து வீடுகளுக்கு விசிறி இல்லாத, ஹீட்சிங்க் மட்டுமே உள்ள கார்டைத்தான் பரிந்துரைக்கிறேன். ஜிடி 710, ஜிடி 1030 இரண்டிலும் அப்படிக் கிடைக்கிறது. கேபினெட் விசிறி ஒன்றாவது கட்டாயம் ஓட வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் தாங்காது. சிபியு பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். மாதக்கணக்கில் மூடிவைப்பதைவிட இரண்டு நாளுக்கு ஒரு தரம் அரை மணி நேரம் ஓடவிடுவது நல்லது, அந்தச் சூட்டில் ஈரம் போகும்.

2011-இல் தானே, 2024-இல் ஃபெஞ்சல் என்று புயலும் வெள்ளமும் பார்த்த ஊர்கள் நம்முடையவை. தண்ணீர் பட்ட சிஸ்டத்தை 'வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று ஆன் செய்யாதீர்கள். கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, பல நாள் காயவைத்தால் கார்டு பிழைக்க வாய்ப்பு உண்டு. ஈரத்தில் மின்சாரம் பாய்ந்தால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

புதுச்சேரியில் வரி குறைவு, விலை மலிவு என்கிறார்களே?

அது 2017 ஜூலைக்கு முந்தைய கதை. ஜிஎஸ்டி வந்த பிறகு நேரு வீதியில் வாங்கினாலும், கடலூர் லாரன்ஸ் ரோட்டில் வாங்கினாலும், சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் கார்டுக்கு அதே 18 சதவீதம். விலை வித்தியாசம் கடைக்காரரின் கொள்முதலைப் பொறுத்தது. பஸ் செலவையும், பழுதானால் திரும்ப அலைவதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் வாரண்டி கேட்டுப் போனால் வாதாடிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

போட்ட கார்டு நேற்றுவரை ஓடியது. இன்று படம் வரவில்லை, பீப் சத்தம் மட்டும் வருகிறது. செத்துவிட்டதா?

ஒரு நீளம், இரண்டு குட்டை என்று பீப் அடித்தால், பழைய போர்டுகள் பலவற்றில் அது டிஸ்ப்ளே குறை. புதுக் கார்டு வாங்கக் கிளம்பும் முன் மின் வயரைப் பிடுங்கிவிட்டுக் கார்டைக் கழற்றுங்கள். ஸ்லாட்டில் உட்காரும் தங்க நிறப் பற்கள் மங்கி, கறை படிந்திருக்கும். பிள்ளைகளின் வெள்ளை ரப்பரை எடுத்து ஒரே திசையில் மெதுவாகத் தேயுங்கள், தூளைத் துடைத்து எடுங்கள். ஸ்லாட்டை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, 'டக்' என்று பூட்டு விழும் வரை கார்டை அழுத்துங்கள். மானிட்டர் வயரைப் போர்டு போர்ட்டில் சொருகாமல் கார்டில் சொருகுங்கள். கார்த்திகை மழை முடிந்ததும் என்னிடம் 'செத்துவிட்டது' என்று வருகிற கார்டுகளில் பல இந்த ரப்பரிலேயே உயிர் பெற்றுப் போகின்றன. அதற்கு நான் காசு வாங்குவதில்லை.